பட்டறை மண்ணும் நாங்கூழின் சாட்சியும்

தாமிரபரணியின் மாசு பற்றிய பேச்சு நெடுங்காலமாகத் தண்ணீரைப் பற்றிய பேச்சாகவே இருந்துவருகிறது. ஆற்றில் கலக்கும் நகரச் சாக்கடை, பாபநாசம் படித்துறையில் களைந்து விடப்படும் துணிகள், கால்வாய்களை மூடிப் படரும் ஆகாயத்தாமரை ஆகியவை சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை எட்டியிருக்கின்றன. ஆனால், மழைநீரை வாங்கி, வடிகட்டி, கால்வாய்க்கும் குளத்துக்கும் அனுப்பிவைக்கும் மண்ணின் நிலை என்ன என்று கேட்பவர் அரிது. அந்த மண்ணிலும் எவர் கவனத்துக்கும் வராமல் கெட்டுக்கொண்டிருக்கும் பகுதி ஒன்று உண்டு. மெக்கானிக் கடை, டிங்கரிங் பட்டறை, பேட்டரிக் கடை, வாட்டர் சர்வீஸ், லேத் பட்டறை, பழைய இரும்புக் கடை எனப் பல பெயர்களில் நகரச் சாலைகளின் ஓரங்களில் நிற்கும் வாகனப் பழுதுபார்ப்புத் தொழிலின் தரைதான் அது. அத்தரையில் சேரும் கன உலோகங்கள் எங்கே போகின்றன, அவற்றை முதலில் உட்கொள்ளும் உயிர்களுள் ஒன்றான மண்புழு என்ன ஆகிறது என்ற கேள்விகள் திருநெல்வேலிக்கு மற்ற ஊர்களைக் காட்டிலும் அவசரமானவை.

அதற்குக் காரணம் இவ்வூரின் நில அமைப்பு. பொதிகை மலையில் தோன்றி, ஏறத்தாழ 128 கி.மீ. ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேரும் தாமிரபரணியின் குறுக்கே கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றுள் சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து பிரியும் நெல்லைக் கால்வாய் பேட்டையையும் டவுனையும் கடந்து நயினார்குளத்தை நிரப்புகிறது. பழவூர் அணைக்கட்டிலிருந்து பிரியும் பாளையங்கால்வாய் மேலப்பாளையம், பாளையங்கோட்டைப் பகுதிகளின் ஊடே செல்கிறது. பாசனக் கால்வாய்கள் நகரத்தின் நடுவே புகுந்து, அதன் கழிவையெல்லாம் ஏற்றுக்கொண்டு, அதன் பிறகே நஞ்சை நிலங்களுக்குள் இறங்கும் ஊர் இது. ஆகவே, சாலையோரப் பட்டறையின் தரையில் விழுந்த எண்ணெயும் உலோகத் துகளும் ஐப்பசி மழையில் கரைந்தும் அடித்துச் செல்லப்பட்டும் போய்ச் சேரக்கூடிய இடம் கண் காணாத கடல் அன்று. கார் பருவத்திலும் பிசானப் பருவத்திலும் நெல் நடப்படும் வயலும், அதை அடுத்த வாழைத் தோட்டமும், நகரத்தின் விளிம்பில் கீரை வளர்க்கும் பாத்திகளும்தான்.

கன உலோகம் என்பது இரும்பைப் போல எடை மிகுந்த எந்த உலோகத்தையும் குறிக்கும் பொதுச் சொல்லாக இருந்தாலும், சூழலியலில் அது உயிர்களுக்குச் சிறிதளவிலேயே கேடு செய்யவல்ல ஈயம், காட்மியம், குரோமியம், நிக்கல் போன்றவற்றையும், அளவோடு இருந்தால் ஊட்டமாகவும் அளவு மீறினால் நஞ்சாகவும் மாறும் துத்தநாகம், செம்பு ஆகியவற்றையும் சேர்த்தே சுட்டுகிறது. இவை அனைத்தும் ஒரு வாகனத்துக்குள் அன்றாடப் பொருள்களாக இருக்கின்றன. ஈய-அமில பேட்டரியின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு ஈயம். பழைய ரேடியேட்டரின் பற்றவைப்பிலும், சக்கரங்களைச் சமன்செய்ய ஒட்டப்படும் சிறு எடைக் கட்டிகளிலும் ஈயம் உண்டு. டயர் ரப்பரில் 1 முதல் 2 விழுக்காடு வரை துத்தநாக ஆக்சைடு கலக்கப்படுகிறது. அந்தத் துத்தநாகத்தோடு காட்மியமும் மாசாக வருகிறது. இயந்திரத் தேய்மானத்தைத் தடுக்க இஞ்சின் ஆயிலில் துத்தநாகச் சேர்மம் ஒன்று சேர்க்கப்படுவதால், ஒரு லிட்டர் எண்ணெயில் சுமார் ஒரு கிராம் துத்தநாகம் இருக்கும். அந்த எண்ணெய் பல ஆயிரம் கிலோமீட்டர் சுழன்று கருத்து வெளியேறும்போது பிஸ்டன் வளையங்களிலிருந்து குரோமியத்தையும் பேரிங்குகளிலிருந்து செம்பையும் ஈயத்தையும் தன்னோடு அள்ளிக்கொண்டு வருகிறது. பிரேக் கட்டைகளின் தூசியில் செம்பு, டிங்கரிங் பட்டறையில் தேய்த்து உதிர்க்கப்படும் பழைய மஞ்சள், சிவப்புப் பெயின்டில் ஈயமும் குரோமியமும், வெல்டிங் புகையில் நிக்கலும் மாங்கனீசும் எனப் பட்டியல் நீளும்.

ஒரு சிறு பட்டறையில் எவ்வளவு சிந்திவிடப் போகிறது என்ற எண்ணம் இயல்பானது. நாளொன்றுக்கு 5 இரு சக்கர வாகனங்களுக்கு ஆயில் மாற்றும் பட்டறை ஒன்று ஆண்டுக்கு 300 நாள் இயங்குவதாகவும், ஒவ்வொரு வண்டிக்கும் அரைத் தம்ளருக்கும் குறைவான 50 மில்லி லிட்டர் மட்டுமே தரையில் சிந்துவதாகவும் வைத்துக்கொண்டால்கூட, ஆண்டுக்கு 75 லிட்டர் ஆகிறது. அதே இடத்தில் 20 ஆண்டு தொழில் நடந்தால் 1,500 லிட்டர். எண்ணெயில் உள்ள ஹைட்ரோகார்பன்களை மண்ணின் நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லச் சிதைத்துவிடும்; உலோகத்தைச் சிதைக்க எந்த உயிராலும் இயலாது, ஏனெனில் அது தனிமம். பட்டறை மண்ணின் உலோகக் கணக்கு வரவு மட்டுமே எழுதப்படும் ஏடு. அதில் செலவு என்று ஒன்று நிகழ்ந்தால், அந்த உலோகம் நீரோடோ தூசியோடோ ஓர் உயிரின் உடலோடோ வேறோர் இடத்துக்குப் போயிருக்கிறது என்றே பொருள்.

இந்த ஏட்டில் பழைய பாக்கியும் உண்டு. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோலின் விற்பனை 2000-ஆம் ஆண்டில்தான் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. உலக அளவில் கடைசியாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளில் புகையோடு வெளிவந்து சாலையோர மண்ணில் படிந்த ஈயம், மேல்மண்ணின் கரிமப் பொருளோடும் களியோடும் இறுகப் பிணைந்து, நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே தங்கவல்லது. பழைய நெடுஞ்சாலைகளின் ஓரங்களில் இன்று இயங்கும் பட்டறைகளின் மண்ணில் அந்த ஈயத்தின் மீதே புதிய ஈயம் சேர்கிறது. தங்கிய இடத்திலேயே அது இருந்துவிடும் என்ற உறுதியும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டிய அந்தப் பெருவெள்ளத்தில், தாமிரபரணி கரை கடந்து திருநெல்வேலி ஜங்ஷனையும் வண்ணாரப்பேட்டையையும் கொக்கிரகுளத்தையும் மூழ்கடித்தது. வீடுகளுக்குள் புகுந்த சேற்றின் பாதிப்பு கணக்கெடுக்கப்பட்டது. சாலையோரத் தரைகளைக் கழுவிக்கொண்டு அந்த வெள்ளம் எந்தெந்த வயல்களில் என்னென்ன உலோகத்தை இறக்கிவைத்தது என்பது நிவாரணக் கணக்கில் இடம்பெறும் பொருளாக இருக்கவில்லை.

உலோகம் மண்ணில் இருப்பது வேறு, உயிர்களுக்குள் புகும் நிலையில் இருப்பது வேறு என்பதை இங்கே விளக்க வேண்டும். காரத்தன்மையும் சுண்ணாம்பும் மிகுந்த மண்ணில் ஈயமும் காட்மியமும் பெரும்பாலும் கரையாத நிலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அமிலம் கூடினால் அந்தப் பிடி தளரும். பேட்டரிக் கடையில் கீழே ஊற்றப்படும் கந்தக அமிலத்தின் உண்மையான கேடு இதில்தான் இருக்கிறது. அது தரையை அரிப்பதோடு நின்றுவிடாமல், ஏற்கெனவே உறங்கிக் கிடந்த காட்மியத்தையும் துத்தநாகத்தையும் கரையவைத்து, வேருக்கும் நீருக்கும் எட்டும்படி விடுவிக்கிறது. எனவே, மண்ணை அமிலத்தில் வேகவைத்து அதிலுள்ள மொத்த உலோகத்தை அளக்கும் சோதனை ஒன்றே போதாது; அந்த மொத்தத்தில் எத்தனை பங்கு உயிருக்குள் போகிறது என்பதையும் அறிய வேண்டும். வேதிப்பொருள்களைக் கொண்டு அதைத் தோராயமாகக் கணிக்கும் முறைகள் உண்டு. ஆனால், அந்த மண்ணையே தின்று, அதற்குள்ளேயே மூச்சுவிட்டு, அதிலேயே முட்டைக்கூடு வைக்கும் மண்புழுவின் உடல் தரும் விடைக்கு ஈடான விடை வேறில்லை.

மண்புழுவின் பெருமையைச் சொல்லும் உரிமை திருநெல்வேலிக்குத் தனியாகவே உண்டு. சார்லஸ் டார்வின் தம் வாழ்நாளின் இறுதி நூலாக மண்புழுக்களைப் பற்றிய ஆய்வை 1881-இல் வெளியிட்டு, இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கரில் ஆண்டுதோறும் 10 டன்னுக்கும் மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியாகக் கடந்து மேலே வருகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். அதற்குப் பத்தாண்டு கழித்து, 1891-இல், முன்னர் நெல்லை இந்துக் கல்லூரியில் பணியாற்றிய பெ. சுந்தரம் பிள்ளை எழுதிய மனோன்மணீயம் நாடகத்தில் மண்புழு நாங்கூழ்ப் புழு என்ற பெயரில் நேரே விளிக்கப்பட்டு, உழவர்க்கெல்லாம் மேலான உழைப்பாளியாகப் போற்றப்படுகிறது. அறிவியலின் புதிய செய்தி ஒன்று தமிழ்க் கவிதைக்குள் இத்தனை விரைவாகவும் இத்தனை மரியாதையோடும் இடம்பெற்றது எண்ணிப் பார்க்கத்தக்கது. சுந்தரம் பிள்ளையின் பெயரைத் தாங்கிய மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990 முதல் இவ்வூரில் இயங்கிவருகிறது. அதன் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் ஆழ்வார்குறிச்சியில் இருக்கிறது. நாங்கூழின் நலத்தை அளந்து சொல்லும் கடமைக்கு இதைவிடப் பொருத்தமான முகவரி தமிழ்நாட்டில் கிடையாது.

மண்புழு உலோகத்தை இரண்டு வழிகளில் ஏற்கிறது. அதன் தோல் எப்போதும் ஈரமாக இருக்கும். அதன் வழியேதான் அது சுவாசிக்கிறது. மண் நீரில் கரைந்திருக்கும் உலோகம் அவ்வழியே உள்ளே நுழைகிறது. மற்றொரு வழி, அது விழுங்கும் மண். உள்ளே வந்த காட்மியத்தை, உலோகத்தோடு பிணையும் ஒருவகைப் புரதத்தைக் கொண்டு கட்டி, குடலைச் சூழ்ந்த மஞ்சள் நிறத் திசுவில் சேர்த்துவைப்பது மண்புழுவின் தற்காப்பு. இந்தத் தற்காப்பு புழுவை உடனே சாகாமல் காப்பாற்றினாலும், சேர்ந்த காட்மியம் எளிதில் வெளியேறாததால், புழுவின் உடலில் உள்ள செறிவு மண்ணில் உள்ளதைக் காட்டிலும் பல மடங்காக உயர்கிறது. உடலில் உள்ள செறிவை மண்ணில் உள்ள செறிவால் வகுத்துக் கிடைக்கும் எண்ணை உயிர்த்திரட்சிக் காரணி என்பர். காட்மியத்துக்கு அந்த எண் பெரும்பாலும் ஒன்றைத் தாண்டும். ஈயத்துக்குப் பொதுவாக ஒன்றுக்குக் கீழே நிற்கும். துத்தநாகத்தைப் புழு தன் தேவைக்கு ஏற்பக் கட்டுப்படுத்திக்கொள்ளும். ஆகையால், ஈயம் நிறைந்த பட்டறை மண்ணில் புழுவின் உடலில் ஈயம் குறைவாகக் காணப்பட்டால் அதை நற்செய்தியாகவும், காட்மியம் அற்பமாக உள்ள மண்ணில் புழுவின் உடலில் அது மிகுந்திருந்தால் அதை அளவைப் பிழையாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

பட்டறையின் மையத்தில் உலோகத்துக்கு முன்னால் எண்ணெயே புழுவைக் கொன்றுவிடுகிறது. எண்ணெய் ஊறிய மண் தண்ணீரை ஏற்காது. ஈரமில்லாத மண்ணில் புழுவின் தோல் காய்ந்துவிடும். ஈரம் இருந்தாலும் எண்ணெய்ப் படலம் அதன் சுவாசத்தை அடைத்துவிடும். ஆகவே, ஆயில் மாற்றும் இடத்தில் புழுவே இராது. அங்கிருந்து தள்ளிச் செல்லச் செல்ல, முதலில் எண்ணிக்கை குறைந்த, எடை குறைந்த, முட்டைக்கூடு அரிதான புழுக்களும், பின்னர் வெளித்தோற்றத்தில் நலமாக இருந்தும் உடலில் உலோகம் சேர்ந்த புழுக்களும், இன்னும் தொலைவில் இயல்பான புழுக்களும் கிடைக்க வேண்டும். இந்தத் தொலைவுப் படிநிலையே ஒரு பட்டறையின் பாதிப்பு எல்லையைக் காட்டும் வரைபடமாகும். இடையிலுள்ள பகுதியே மிகவும் ஆபத்தானது. புழு இருக்கிறது, ஆகவே மண் நன்றாக இருக்கிறது என்ற உழவர் அனுபவம் அங்கே பொருந்தாது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் கைவிடப்பட்ட பழைய சுரங்க நிலங்களில், ஆர்செனிக் மிகுந்த மண்ணிலும் தாக்குப்பிடித்து வாழும் புழுக்களை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். உயிரோடிருக்கும் புழுவே நஞ்சைச் சுமந்து செல்லும் வாகனமாக முடியும்.

அந்தச் சுமை புழுவோடு நிற்பதில்லை. ரேச்சல் கார்சன் 1962-இல் வெளியிட்ட நூலில், அமெரிக்காவின் மிச்சிகனில் எல்ம் மரங்களுக்கு அடித்த டி.டி.டி. இலைச் சருகு வழியாக மண்புழுவுக்கும், மண்புழு வழியாக ராபின் பறவைக்கும் போய், பறவைகள் கூட்டமாக மடிந்த நிகழ்வை விவரித்தார். அங்கே நஞ்சு பூச்சிக்கொல்லி; இங்கே உலோகம்; பாதை ஒன்றே. தாமிரபரணி வயல்களில் உழவு நடக்கும்போது டிராக்டருக்குப் பின்னால் திரளும் உண்ணிக்கொக்குகளும், வரப்பைக் கிளறும் மைனாக்களும் மயில்களும், அறுப்பு முடிந்த வயலில் மேயவிடப்படும் வாத்துக் கூட்டங்களும் இப்பாதையின் அடுத்த கண்ணிகள். இதனினும் குறுகிய பாதை வீட்டு முற்றத்தில் உள்ளது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கொல்லைப்புறக் கோழிகளை ஆராய்ந்து 2022-இல் வெளியான ஆய்வு, அக்கோழிகளின் முட்டைகளில் கடையில் விற்கும் முட்டைகளைவிடச் சராசரியாக 40 மடங்குக்கும் மேல் ஈயம் இருப்பதைக் காட்டியது. அதற்குக் காரணம் அவை கொத்தித் தின்னும் கொல்லைப்புற மண்ணில் இருந்த பழைய ஈயமே. பட்டறைகளை ஒட்டிய தெருக்களில் நாட்டுக்கோழி வளர்த்து, அதன் முட்டையைச் சத்தானது என்று குழந்தைகளுக்குத் தரும் குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகில் சுமார் 80 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கவலைக்குரிய அளவைத் தாண்டியிருப்பதாக யுனிசெஃப் 2020-இல் மதிப்பிட்டது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இந்தியக் குழந்தைகள்.

நெல் வேறொரு பாதையைத் திறக்கிறது. தண்ணீர் கட்டிய வயலில் காற்று புகாததால் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் அடங்கிவிடும். கதிர் முற்றும் தறுவாயில் தண்ணீரை வடித்ததும் காற்று புகுந்து, அது மீண்டும் கரைந்து, மணி பிடிக்கும் பயிருக்குள் ஏறும். ஜப்பானின் தொயாமா மாநிலத்தில் ஜின்சு ஆற்றுப் பாசனத்தில் விளைந்த அரிசி வழியே சுரங்கக் காட்மியத்தை உண்டவர்களின் எலும்புகள் முறிந்து, வலியால் அலறிய அலறலே அந்நோய்க்கு இதாய்-இதாய் என்ற பெயராயிற்று. 1968-இல் அந்நாட்டு அரசு அதை மாசினால் வந்த நோயென ஏற்றது. 1970-இல் வேளாண் நிலத்தின் மண் மாசைத் தடுக்கத் தனிச் சட்டமே இயற்றியது. பட்டறைகளிலிருந்து வரும் காட்மியம் ஒரு சுரங்கத்தின் அளவுக்கு வராது என்பது உண்மை. ஆயினும், நெல்லே உணவாகவும் நகரத்தைக் கடந்துவரும் கால்வாய்களே பாசனமாகவும் உள்ள பள்ளத்தாக்கில், சிறு அளவுகள் பல்லாண்டு சேர்வதை அலட்சியம் செய்ய அந்த உண்மை இடம் தராது. குளத்து வண்டலை அள்ளி வயலில் இடும் நல்ல வழக்கத்துக்கு அரசும் அனுமதி தந்து ஊக்குவிக்கிறது. நகரத்தின் வடிநீரை வாங்கும் குளங்களின் வண்டலை மட்டுமாவது உலோகச் சோதனைக்குப் பிறகே வயலுக்கு அனுப்ப வேண்டும் என்ற விதியை மாவட்ட நிர்வாகம் இன்றே கொண்டுவரலாம்.

அளக்காமல் இருப்பதே இப்போதைய பெருங்குறை. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் உழவரின் மண் 12 பண்புகளுக்காகச் சோதிக்கப்படுகிறது: தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், கார-அமில நிலை, உப்பின் அளவு, கரிமம். ஈயமும் காட்மியமும் குரோமியமும் அதில் இல்லை. துத்தநாகமும் செம்பும் இருந்தாலும், அவை பயிருக்குப் போதுமா என்ற கண்ணோட்டத்தில் பார்க்கப்படுகின்றனவே அன்றி, மிதமிஞ்சிவிட்டனவா என்று கேட்கப்படுவதில்லை. இந்தக் குறையை நிரப்பப் பெரும் முதலீடு தேவையில்லை. ஆழ்வார்குறிச்சி மையம், கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி, அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம், பாளையங்கோட்டையின் பழமையான கல்லூரிகளின் விலங்கியல் துறைகள் என இப்பள்ளத்தாக்கில் ஆய்வுக் கைகளுக்குப் பஞ்சமில்லை. பட்டறையின் தரையிலிருந்து 10, 50, 100, 200 மீட்டர் தொலைவுகளில் மண்ணையும் புழுவையும் சேர்த்தே எடுத்து, புழுவை ஈரத்தாளில் ஓரிரு நாள் வைத்துக் குடலில் உள்ள மண் வெளியேறிய பின்னர், இரண்டிலும் உள்ள உலோகத்தை அணு உறிஞ்சல் நிறமாலைமானியால் அளப்பது முதுகலை மாணவர்கள் செய்யக்கூடிய வேலைதான். குடலைக் காலி செய்யாமல் அளந்தால், புழுவின் உடலில் சேர்ந்ததும் அது விழுங்கி வைத்திருந்த மண்ணும் கலந்து தவறான எண்ணே கிடைக்கும். பன்னாட்டுச் சோதனை முறைகள் எருக்குழியில் வாழும் ஐரோப்பியப் புழு இனத்தையே பயன்படுத்துகின்றன. தமிழ்நாட்டு மண்ணில் இயல்பாக வாழும் லாம்பிட்டோ மாரிட்டி போன்ற இனத்தையும் கொண்டு சோதித்தால்தான் இம்மண்ணுக்கான உண்மை தெரியும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. மண்புழுவைக் கொண்டே மாசுபட்ட மண்ணைச் சுத்தம் செய்துவிடலாம் என்ற பேச்சு அண்மைக் காலத்தில் பரவிவருகிறது. எண்ணெய்க் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களுக்குப் புழு துணைசெய்யும் என்பது சரியே. உலோகத்தைப் பொறுத்தவரை அது மண்ணிலிருந்து புழுவுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே. அந்தப் புழு செத்தாலும் தின்னப்பட்டாலும் உலோகம் மீண்டும் சுழற்சிக்குள் வந்துவிடும். புழுவைச் சாட்சியாக அழைப்பது அறிவுடைமை. அதன்மேல் துப்புரவுப் பணியைச் சுமத்துவது பொறுப்பைக் கைகழுவுவதாகும்.

சட்டம் இல்லை என்ற சாக்குக்கு இனி இடமில்லை. வாகனப் பராமரிப்பும் பழுதுபார்ப்பும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டில் ஆரஞ்சுப் பிரிவில் வருகின்றன. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் பழைய எண்ணெயை அபாயகரக் கழிவாக வரையறுக்கின்றன. 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகள் உற்பத்தியாளரே பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை ஏற்கச் சொல்கின்றன. எண்ணெய் நிறுவனங்களுக்கும் அதே பொறுப்பு 2024 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. ஆனாலும், மரத்தில் கரையான் ஏறாமல் தடவவும், கட்டட வேலையில் சென்ட்ரிங் தகடுகளுக்குப் பூசவும் வேஸ்ட் ஆயில் கைமாறுகிறது. மிஞ்சியது வாறுகாலில் ஊற்றப்படுகிறது. விதியின் வாசகம் பெரிய நிறுவனங்களின் சர்வீஸ் மையங்கள் வரை எட்டுகிறது. சாலையோரக் கொட்டகை வரை இறங்கவில்லை. 2024 டிசம்பரில் கேரளத்தின் மருத்துவக் கழிவு நடுக்கல்லூர், கொடகநல்லூர், பழவூர் பகுதிகளில் கொட்டப்பட்டபோது மாவட்டமே கொதித்தெழுந்தது. பசுமைத் தீர்ப்பாயம் தலையிட, அக்கழிவு லாரிகளில் திருப்பி அனுப்பப்பட்டது. வெளியூர்க் கழிவுக்கு எதிராகக் காட்டிய அந்த விழிப்பு, உள்ளூர்ச் சாலையோரத்தில் நாள்தோறும் மண்ணில் இறங்கும் கழிவின் மீதும் திரும்ப வேண்டும்.

இதில் மெக்கானிக்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநீதி. அந்த மண்ணில் மல்லாந்து படுத்து வண்டிக்குக் கீழே வேலை செய்பவர் அவர். கையில் படிந்த கருப்பைப் பெட்ரோலில் கழுவிவிட்டு, அதே கையால் மதியச் சோற்றைப் பிசைபவர் அவர். ஈயத் தூசி முதலில் சேர்வது அவர் இரத்தத்திலும், அவர் சட்டையோடு வீட்டுக்குப் போய் அவர் குழந்தையின் உடலிலும்தான். பட்டறைகளை அப்புறப்படுத்துவதும் தீர்வாகாது. நைஜீரியாவின் இமோ மாநிலத்தில் மெக்கானிக்குகளை ஒன்றுதிரட்டி, மெக்கானிக் கிராமங்கள் என்ற பெயரில் குறிப்பிட்ட இடங்களில் அமர்த்தினார்கள். தகுந்த தரையும் கழிவுச் சேகரிப்பும் இல்லாததால், அந்த இடங்களின் மண் ஈயமும் காட்மியமும் மண்டிய மண்ணாயிற்று என்பதைப் பல ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. மேலும், பட்டறை காலி செய்த மனையில் வீடு எழும்பும். தோண்டிய மண் வேறெங்கோ பள்ளம் நிரப்பப் போகும். குழந்தைகள் விளையாடும் முற்றமாக அது மாறும்போது அதன் வரலாறு எவர் நினைவிலும் இராது. பத்திரப்பதிவில் நிலத்தின் வில்லங்கம் தேடப்படுகிறது. அதன் மண்ணில் இருக்கும் வில்லங்கத்தைத் தேடும் ஏற்பாடு இல்லை.

தேவைப்படுவன எளியவை. எண்ணெய் இறங்காத சிமென்ட் தளம், மழை படாத கூரை, வடியும் எண்ணெயை ஏந்தும் தட்டு, மூடியுள்ள பீப்பாய், வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் எண்ணெயையும் நீரையும் பிரிக்கும் தொட்டி ஆகியவற்றுக்குச் சிறுகடன் கொடுத்து, மாநகராட்சியின் வண்டி வாரம் ஒருமுறை வந்து பழைய எண்ணெயை உரிய விலைக்கு வாங்கிச் சென்றால், அதைத் தரையில் ஊற்ற எந்தப் பட்டறைக்காரரும் விரும்பமாட்டார். அதற்கான செலவைச் சட்டப்படி ஏற்க வேண்டியவை எண்ணெயையும் பேட்டரியையும் விற்று லாபம் காணும் நிறுவனங்கள். பொருளையே மாற்றும் வழியும் உண்டு: ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் கார் சக்கரங்களில் ஈய எடைக் கட்டிகளைத் தடைசெய்தது, கலிபோர்னியா 2010-இல் இயற்றிய சட்டத்தால் பிரேக் கட்டைகளின் செம்பைப் படிப்படியாகக் குறைத்தது. இந்திய அரசு இவ்விரண்டையும் பின்பற்றத் தயங்க எந்தக் காரணமும் இல்லை.

பாதரசத்தால் மண்ணைக் கெடுத்த கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்ட பிறகு, ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் என்ற துப்புரவு இலக்கு போதுமா என்ற வாதமே ஆண்டுக்கணக்கில் நீண்டது. குடிநீருக்கு இருப்பது போன்ற தெளிவான சட்ட வரம்பு மண்ணுக்கு அப்போது இல்லாததே அதற்குக் காரணம். மாசுபட்ட இடங்களை மேலாண்மை செய்வதற்கான விதிகளை ஒன்றிய அரசு 2025 ஜூலையில் அறிவித்ததால் அந்நிலை மாறியிருக்கிறது. அவ்விதிகளின்படி, மாசுபட்டதாகச் சந்தேகிக்கப்படும் இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும். 90 நாள்களுக்குள் முதற்கட்ட ஆய்வு நடக்க வேண்டும். மாசுபடுத்தியவரால் செலவை ஏற்க இயலாவிட்டால் ஒன்றிய, மாநில அரசுகள் ஏற்க வேண்டும். திருநெல்வேலி மாவட்ட நிர்வாகம் தன் அடுத்த பட்டியலில் நெல்லைக் கால்வாய், பாளையங்கால்வாய் ஆகியவற்றின் கரையோரமாக நெடுங்காலம் இயங்கிய பட்டறைத் திடல்களையும், நயினார்குளத்தின் வண்டலையும் சேர்க்க வேண்டும். மண்ணோடு மண்புழுவையும் சோதிக்கும் பொறுப்பை மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்து, கிடைக்கும் அளவுகளை அந்தக் கால்வாய்களை நம்பிப் பயிரிடும் உழவர்களுக்குத் தமிழிலேயே தெரிவிக்க வேண்டும்.